காரைச் சுருக்கினால் எதெல்லாம் சுருங்காது? டைகாஸ்ட் மாடல் கார்கள் பற்றி ஓர் அறிமுகம்

1961-ல் வெளிவந்த ஜாகுவார் இ-டைப் காரின் நீளம் சுமார் 4.45 மீட்டர். அதை 18-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 24.7 சென்டிமீட்டர் வரும். ஒரு மாடல் காரின் பெட்டியில் 1:18 என்று போட்டிருந்தால் அதற்கு அர்த்தம் இவ்வளவுதான்: நிஜக் காரின் நீளம், அகலம், உயரம் எல்லாமே பதினெட்டில் ஒரு பங்கு. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகூடப் போட்டுவிடும் கணக்கு. ஆனால் அதே கணக்கை உருக்கிய உலோகத்திலும் பெயின்டிலும் பிளாஸ்டிக்கிலும் போடப் போனால், சில அளவுகள் அடங்க மறுத்து முரண்டு பிடிக்கும். ஒரு மாடல் அருமையாக வந்திருக்கிறதா, சொதப்பிவிட்டார்களா என்பது அந்த இடங்களில்தான் தெரியும்.

விளக்கத்துக்கு இ-டைப்பையே எடுத்துக்கொள்கிறேன். பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களில் மாடல் செய்பவர்களை அதிகம் சோதிக்கிற கார் இதுதான் என்பது என் எண்ணம். 1961 மார்ச்சில் ஜெனீவாவில் இதை அறிமுகப்படுத்தினார்கள். காண்பதற்கும் ஓட்டிப் பார்ப்பதற்கும் கூட்டம் முண்டியடிக்கவே, கம்பெனியின் சோதனை ஓட்டுநர் நார்மன் டூயிஸ் இன்னொரு காரை கவென்ட்ரியிலிருந்து இரவோடு இரவாக ஓட்டிக்கொண்டு ஜெனீவா போய்ச் சேர்ந்தார். 3.8 லிட்டர், ஆறு சிலிண்டர் இன்ஜின். 265 குதிரைத்திறன் என்று கம்பெனி சொன்னது. மணிக்கு 150 மைல் வேகம் என்பதுதான் விளம்பரத்தின் மையம். 1996-ல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் ஓர் இ-டைப்பைத் தன் சேகரிப்பில் சேர்த்துக்கொண்டது.

அதன் உடலை வடிவமைத்த மால்கம் சேயர் அதற்கு முன் பிரிஸ்டல் விமானக் கம்பெனியில் வேலை பார்த்தவர். காற்று எப்படி ஓடும் என்பதைக் கணக்குப் போட்டு, வளைவுகளைச் சூத்திரங்களிலிருந்து எடுத்தார். 1955, 56, 57 மூன்று ஆண்டுகளும் லெ மான் பந்தயத்தை வென்ற டி-டைப்பும் அவர் கைவண்ணம்தான். அந்தக் காரின் சாயல் இ-டைப்பில் அப்படியே இருக்கிறது. தட்டையான பரப்பு என்று விரல் வைத்துக் காட்ட ஓரிடம் இல்லை. எல்லாமே மெல்ல வளைந்து இன்னொன்றில் போய்க் கலக்கிறது. பெட்டி மாதிரி இருக்கும் ஒரு காரை மாடலாக்கினால் அரை மில்லிமீட்டர் பிசகினாலும் கண் கண்டுகொள்ளாது. இ-டைப்பில் மூக்கு ஒரு நூல் தடித்தாலே 'என்னவோ சரியில்லையே' என்று தோன்றிவிடும்.

இந்த எண்கள் எங்கிருந்து வந்தன?

1:18, 1:24, 1:43, 1:64 என்று ஏன் இப்படி ஒழுங்கில்லாத எண்கள்? 1:10, 1:20, 1:50 என்று வைத்துத் தொலைத்திருக்கலாமே என்று புதிதாக வருகிற எல்லோரும் கேட்பார்கள். பழி பொம்மை ரயில்கள் மேல் விழ வேண்டும்.

லிவர்பூலில் மெக்கானோ என்ற கம்பெனியை நடத்தியவர் பிராங்க் ஹார்ன்பி. அவருடைய பொம்மை ரயில்களின் அளவு, நிஜ ரயிலின் ஓர் அடிக்கு 7 மில்லிமீட்டர். ரயில் இருந்தால் ஸ்டேஷன் வேண்டும், ஸ்டேஷன் வாசலில் ஆட்களும் வண்டிகளும் நிற்க வேண்டும் அல்லவா? அப்படி 1933-ல் ரயிலுக்குத் துணையாக வந்த சின்னக் கார்கள்தான் அடுத்த ஆண்டு டிங்கி என்ற பெயரைப் பெற்றன. ஓர் அடி என்பது 304.8 மில்லிமீட்டர். அதை 7-ஆல் வகுத்துப் பாருங்கள், 43.5 வரும். தொடக்கக் கால டிங்கி கார்கள் இந்த அளவைக் கறாராகப் பின்பற்றின என்று சொல்ல முடியாது. ஆனாலும் 1:43 என்ற அளவு ஐரோப்பாவில் நிலைத்ததற்கு அந்த ரயில்தான் மூலம். பிரிட்டனில் இன்றும் விற்கும் 1:76 கார்களுக்கும் இதே கதை. அது ஓர் அடிக்கு 4 மில்லிமீட்டர். 1:24 என்பது அடிக்கு அரை அங்குலம், 1:12 என்பது அடிக்கு ஓர் அங்குலம், 1:18 அடிக்கு மூன்றில் இரண்டு பங்கு அங்குலம். அங்குலத்தில் யோசித்தவர்கள் வைத்த எண்கள். நாம் மீட்டரில் யோசிப்பதால் விசித்திரமாகத் தெரிகின்றன.

இ-டைப் 1:43-ல் 10 சென்டிமீட்டர் சொச்சம், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். 1:64-ல் 7 சென்டிமீட்டர்கூட வராது. ஆனால் இந்தக் கடைசி அளவில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஹாட் வீல்ஸ், மேட்ச்பாக்ஸ் போன்ற சின்னக் கார்களை எல்லோரும் 1:64 என்று சொல்கிறோமே தவிர, அவற்றில் பெரும்பாலானவை அந்த அளவில் இருப்பதில்லை. ஒரே மாதிரி அட்டைக்குள் லாரியும் அடங்க வேண்டும், மினி காரும் அடங்க வேண்டும். அதனால் லாரி அதிகம் சுருங்கும், மினி குறைவாகச் சுருங்கும். இரண்டையும் பக்கத்தில் நிறுத்தினால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

மேட்ச்பாக்ஸ் தொடங்கிய கதையும் பெட்டியின் அளவில்தான் இருக்கிறது. லண்டனில் லெஸ்னி கம்பெனியை நடத்தியவர்களில் ஒருவர் ஜாக் ஓடெல். தீப்பெட்டிக்குள் அடங்கும் பொம்மையை மட்டுமே பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவரலாம் என்று அவர் மகளின் பள்ளியில் விதி இருந்ததாம். அவளுக்காகப் பித்தளையில் குட்டியாக ஒரு ரோடு ரோலர் செய்து கொடுத்தார்; 1953-ல் அந்த எண்ணமே ஒரு வரிசையாக விற்பனைக்கு வந்தது. மூன்றாவதாக கார்கி. 1956-ல் மெட்டாய் கம்பெனி வேல்ஸில் உள்ள ஸ்வான்சி ஆலையில் தொடங்கியது. பிளாஸ்டிக் ஜன்னல் கண்ணாடி வைத்து வந்த கார்கள் என்பதே அவர்களுடைய பெருமை. அதுவரை டிங்கியின் ஜன்னல்கள் வெறும் ஓட்டைகளாக இருந்தன. நிஜ இ-டைப் வந்த மறு வருடமே, 1962-ல், டிங்கி, கார்கி, மேட்ச்பாக்ஸ் மூன்றிலும் இ-டைப் வந்துவிட்டது. அன்றைக்கு பிரிட்டிஷ் சிறுவர்களுக்கு அந்தக் கார் என்னவாக இருந்தது என்பதை இதை வைத்தே ஊகித்துக்கொள்ளலாம்.

உருக்கி ஊற்றுவது அல்ல, செலுத்துவது

சரி, டைகாஸ்ட் என்றால் என்ன? உருக்கிய உலோகத்தை எஃகு அச்சுக்குள் அழுத்தத்தோடு செலுத்தி, இறுகியதும் அச்சைத் திறந்து பொருளை வெளியே எடுப்பது. கோயில் சிலை வார்க்கும்போது செய்வது போல உலோகத்தை மேலேயிருந்து ஊற்றிவிட்டு அது தானாக நிரம்பும்வரை காத்திருக்கிற வேலை இல்லை இது. அச்சையும் உடைப்பதில்லை. ஒரே அச்சில் லட்சக்கணக்கில் எடுக்கலாம்.

உலோகம் பெரும்பாலும் துத்தநாகக் கலவை. சாமக் என்பார்கள். சுமார் 96 சதவீதம் துத்தநாகம், 4 சதவீதம் அலுமினியம், அதற்கு மேல் துளி மக்னீசியம். சில வகைகளில் செம்பும் உண்டு. இது ஏறக்குறைய 385 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். அலுமினியம் உருக 660 டிகிரி வேண்டும், இரும்புக்கு 1,500 டிகிரியைத் தாண்ட வேண்டும். குறைந்த சூட்டில் உருகுவதால் எஃகு அச்சுக்குச் சேதம் குறைவு. அதோடு உருகிய நிலையில் இது நன்றாக ஓடும். பானட்டின் காற்றுப் பிளவு, கதவின் கைப்பிடி மாதிரி நுணுக்கங்களுக்குள்ளும் போய் நிரம்பிக்கொள்ளும்.

இயந்திரத்தில் உருகிய உலோகம் இருக்கும் தொட்டிக்குள்ளேயே ஒரு உருளையும் தண்டும் மூழ்கியிருக்கும். முறுக்கு உழக்கில் மாவை அழுத்துவது போல அந்தத் தண்டு கீழே இறங்கி உலோகத்தைக் குழாய் வழியே அச்சுக்குள் தள்ளும். வேகம்தான் பெரிய வித்தியாசம், எல்லாம் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். அச்சுக்குள் தண்ணீரோ எண்ணெயோ ஓடிக் குளிரவைக்கும். அச்சு திறக்கும், உள்ளேயிருந்து சின்ன ஊசிகள் பொருளை வெளியே தள்ளிவிடும். பழைய பொம்மைக் கார் உங்களிடம் இருந்தால் கவிழ்த்துப் பாருங்கள். உட்புறத்தில் வட்ட வட்டமாகத் தெரியும் தழும்புகள் அந்த ஊசிகள் தள்ளிய இடங்கள்.

அச்சு திறக்க வேண்டும் என்பதில்தான் வடிவத்துக்குச் சிக்கல். மேல் பாதி நேராக மேலேயும் கீழ்ப்பாதி நேராகக் கீழேயும் போக வேண்டும் என்றால், எந்த இடத்திலும் பொருள் அச்சைப் பிடித்துக்கொள்ளக் கூடாது. இப்போது இ-டைப்பின் பக்கவாட்டை நினைத்துப் பாருங்கள். கதவின் நடுப்பகுதி வெளியே புடைத்து நிற்கிறது, கீழே வரவர உடல் உள்வாங்கிப் போகிறது. மூக்கும் அப்படித்தான், வாலும் அப்படித்தான். மேல், கீழ் என்று இரண்டே துண்டாக அச்சு செய்தால் உள்ளே போன கார் வெளியே வராது. அதனால் இடம், வலம், முன், பின் என்று பக்கவாட்டிலும் நகரும் துண்டுகளோடு அச்சைச் செய்ய வேண்டியிருக்கிறது. துண்டும் துண்டும் சேரும் இடத்தில் உலோகம் மெல்லிய கோடாகக் கசிந்து நிற்கும். அதைக் கையால் தேய்த்துச் சமப்படுத்த வேண்டும். விலை மலிவான மாடலில் இந்தத் தேய்க்கும் வேலையில்தான் முதலில் கை வைப்பார்கள். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் முன் மட்காட்டின் மேல் ஒரு மெல்லிய வரி ஓடும், பெயின்டுக்கு அடியிலிருந்து.

இப்படிப்பட்ட அச்சைச் செய்ய ஆகும் செலவு மிக அதிகம். முன்பெல்லாம் பெரிய அளவில் ஒரு மர மாதிரி செதுக்கி, அதன் மேல் ஒரு முனையை ஓட்டி, இன்னொரு முனை அதே அசைவைச் சுருக்கி எஃகில் வெட்டும்படி செய்வார்கள். இப்போது நிஜக் காரையே லேசரால் ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் வரைகிறார்கள். எப்படிச் செய்தாலும் போட்ட காசை எடுக்க, ஒரே அச்சிலிருந்து சிவப்பு, பச்சை, சாம்பல், பந்தய எண்ணோடு ஒன்று என்று வருடக்கணக்கில் வார்த்துக்கொண்டே இருப்பார்கள். சேகரிப்பவர்கள் 'காஸ்டிங் பழசு, கலர் மட்டும்தான் புதுசு' என்று அலுத்துக்கொள்வது இதனால்தான். அச்சுகளுக்குக் கம்பெனியைவிட ஆயுள் கெட்டி. டிங்கியின் பழைய அச்சுகள் சில கல்கத்தாவுக்கு வந்து, நிக்கி டாய்ஸ் என்ற பெயரில் மறுபடியும் கார்களை வார்த்தன.

சுருங்க மறுப்பவை

இனி முதலில் சொன்ன முரண்டுக்கு வருவோம்.

எடையிலிருந்து ஆரம்பிக்கலாம். நீளம், அகலம், உயரம் மூன்றும் பதினெட்டில் ஒன்றாகும்போது மொத்தக் கன அளவு 18×18×18, அதாவது 5,832-ல் ஒன்றாகிவிடும். நிஜ இ-டைப் சுமார் 1,200 கிலோ. 5,832-ஆல் வகுத்தால் 206 கிராம்தான் வருகிறது. ஆனால் 1:18 டைகாஸ்ட் மாடலைக் கையில் தூக்கிப் பாருங்கள், ஒரு கிலோவை ஒட்டிக் கனக்கும். கணக்கு எங்கே இடிக்கிறது?

தகட்டின் கனத்தில். நிஜக் காரின் உடல் ஒரு மில்லிமீட்டர்கூடக் கனமில்லாத இரும்புத் தகடு. அதைப் பதினெட்டால் வகுத்தால் 0.05 மில்லிமீட்டர். அவ்வளவு மெல்லிய இடுக்கில் உருகிய உலோகம் ஓடி நிரம்புவதற்குள் உறைந்துவிடும். ஆகவே மாடலின் சுவர் சுமார் ஒரு மில்லிமீட்டர் இருக்கும், பல இடங்களில் அதற்கும் மேல். பெருக்கிப் பார்த்தால், நிஜக் காருக்கு 18 மில்லிமீட்டர் கனத்தில் இரும்பு போர்த்திய கதை. காரை மூடி வைத்திருக்கும்வரை இது வெளியே தெரியாது. கதவைத் திறந்தால் ஓரத்தில் தெரிந்துவிடும். கெட்டிக்காரர்கள் ஓரத்தை உட்புறமாகச் சாய்த்துச் சீவிவிடுவார்கள். கண்ணில் படுகிற விளிம்பு மட்டும் மெல்லியதாகத் தெரியும்.

அடுத்தது இடுக்கு. நிஜக் காரில் கதவுக்கும் உடலுக்கும் நடுவே 4 மில்லிமீட்டர் இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். 1:18-ல் அது 0.22 மில்லிமீட்டர் ஆக வேண்டும். 1:43-ல் 0.1-க்கும் கீழே. வார்த்தெடுத்த கதவுக்கும் வார்த்தெடுத்த உடலுக்கும் நடுவே அவ்வளவு நெருக்கத்தை ஆயிரக்கணக்கான காரில் ஒரே மாதிரி கொண்டுவருவது சாத்தியமில்லை. போதாக்குறைக்கு இரண்டு பக்கமும் பெயின்ட் வேறு ஏறும். அதனால்தான் கதவு திறக்கும் மாடல்களில் கதவைச் சுற்றி அகலமான கறுப்புக் கோடு தெரிகிறது.

பெயின்டும் சுருங்காது. நிஜக் காரில் எல்லாப் பூச்சுகளும் சேர்ந்து 0.1 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். அதைப் பதினெட்டால் வகுத்த கனத்தில் எந்தப் பெயின்டும் உலோகத்தை மூடி மறைக்காது. எனவே மாடலில் பூச்சு எப்போதும் 'தடிமன்'தான். கதவுக் கோடுகளையும் பானட்டின் பிளவுகளையும் அது கொஞ்சம் நிரப்பிவிடும். மெட்டாலிக் நிறம் என்றால் இன்னும் மோசம்: பெயின்டில் மினுங்கும் துகள்கள் நிஜ அளவிலேயே இருந்தால் காரின் மேல் ஜிகினா தூவிய மாதிரி இருக்கும். நல்ல கம்பெனிகள் இதற்கென்றே மிக நுண்ணிய துகள் போட்ட பெயின்டைத் தேடிப்பிடிக்கின்றன. என்னைக் கேட்டால், முதல் மாடலை வாங்குபவர் மெட்டாலிக் இல்லாத நிறமாக எடுப்பது நல்லது. இ-டைப்புக்கு அடர்பச்சை, சிவப்பு, கிரீம் எதுவும் அழகுதான்.

கண்ணாடியில் இ-டைப் தன் வேலையைக் காட்டும். முதல் வரிசைக் கார்களின் ஹெட்லைட்டுகள் மட்காட்டுக்குள் புதைந்து, மேலே வளைந்த கண்ணாடி மூடியிருக்கும். மூக்கின் கோடு உடையாமல் வழுக்கிப் போவதற்கு அந்த மூடிதான் காரணம். மாடலில் அது தெளிந்த பிளாஸ்டிக் துண்டு. ஒரு மில்லிமீட்டர் கனத்தில் செய்தால் அதுவே லென்ஸாகிவிடும். உள்ளே இருக்கும் விளக்கு வீங்கி, கலங்கித் தெரியும். மூடியின் ஓரம் உடலோடு ஒட்டாமல் மேடாக நின்றால் மூக்கின் அழகே போய்விடும். ஒரு 1:18 இ-டைப்பின் தரத்தை ஐந்து நொடியில் சொல்லச் சொன்னால் நான் பார்க்கிற இடம் அந்த ஹெட்லைட் மூடிதான்.

கம்பிச் சக்கரத்தைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம். இ-டைப்பின் 15 அங்குலச் சக்கரத்தில் 72 கம்பிகள், உள்ளடுக்கு வெளியடுக்காகக் குறுக்கும் நெடுக்கும் போகும். 1:43-ல் அந்தச் சக்கரத்தின் விட்டம் 9 மில்லிமீட்டருக்கும் கீழே. கம்பி ஒவ்வொன்றும் தலைமுடி அளவுக்கு மெலிய வேண்டும். இதற்கு மூன்று வழி உண்டு. பிளாஸ்டிக்கில் மொத்தமாக வார்த்து, குரோம் பூசிவிடலாம். மலிவு, ஆனால் கம்பிகள் தடித்து, சக்கரம் வடிகட்டி மாதிரி அடைத்துக்கொண்டு தெரியும். மெல்லிய உலோகத் தகட்டை அமிலத்தால் அரித்துக் கம்பி வடிவம் எடுத்து, இரண்டு மூன்று தகடுகளை அடுக்கலாம். 1:43-ல் பெரும்பாலும் இதுதான் சிறந்த வழி. விலை உயர்ந்த பெரிய மாடல்களில் நிஜமாகவே கம்பிகளைக் கோத்துச் சக்கரம் கட்டுகிறார்கள். அதற்கு ஆகும் கைவேலையை நினைத்தால் விலையைப் பார்த்து வாய்பிளக்கத் தோன்றாது.

ஆக, மாடல் செய்பவர் ஒவ்வொரு இடத்திலும் ஏதோ ஒன்றை விட்டுக்கொடுக்கிறார். கதவு திறக்க வேண்டுமா, கோடு மெல்லியதாக வேண்டுமா? பிளவு ஆழமாகத் தெரிய வேண்டுமா, பெயின்ட் வழவழப்பாக இருக்க வேண்டுமா? இரண்டும் சேர்ந்து கிடைக்காது, கிடைத்தால் விலை எகிறும். கதவைத் திறக்கவே முடியாதபடி மூடிய உடலாக ரெசினில், அதாவது திரவமாக ஊற்றி இறுகவைக்கும் ஒருவகைப் பிளாஸ்டிக்கில், வார்க்கும் மாடல்கள் பெருகியதற்கு இதுவும் ஒரு காரணம். எஃகு அச்சு தேவையில்லை, சிலிகான் ரப்பர் அச்சு போதும். சில நூறு கார்கள் மட்டும் செய்தாலும் கட்டுப்படியாகும். கோடுகள் கூர்மையாக வரும். ஆனால் கையில் எடுத்தால் அந்தக் குளிர்ந்த உலோகக் கனம் இருக்காது, உள்ளே இன்ஜினும் இருக்காது.

பொதுவாக எனக்கு மூடிய உடல்தான் பிடிக்கும். இ-டைப் மட்டும் விதிவிலக்கு. மூக்கு, இரண்டு மட்காட், பானட் எல்லாம் ஒரே துண்டாக முன்னோக்கிச் சாய்ந்து திறப்பதுதான் அந்தக் காரின் பாதி நாடகம். திறந்தால் பளபளவென்று மெருகேற்றிய இன்ஜின் மூடிகள், முன் சக்கரங்கள், அவற்றைத் தாங்கும் குழாய்ச் சட்டம் எல்லாம் பட்டவர்த்தனமாக நிற்கும். அதைப் பூட்டி வைத்த இ-டைப் எனக்கு அரைக் கார்தான். மாடலில் இது பெரிய சவால்: காரின் நீளத்தில் பாதிக்குச் சற்றே குறைவான உலோகத் துண்டு, மூக்கு நுனியில் இருக்கும் இரண்டு சின்னக் கீல்களில் தொங்குகிறது. மூடும்போது பின் ஓரம் கதவோடு நூல் பிடித்த மாதிரி உட்கார வேண்டும். ஆட்டோஆர்ட், புராகோ உள்படப் பல கம்பெனிகள் 1:18-ல் இந்தக் காரைச் செய்திருக்கின்றன. எதைப் பார்த்தாலும் முதலில் அந்தப் பின் ஓரத்தைத்தான் பார்க்க வேண்டும்.

எந்த வருடக் கார் இது?

பெட்டியில் 1961 என்று போட்டிருப்பார்கள், உள்ளே இருப்பது வேறு வருடக் காராக இருக்கும். இதைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. ஹெட்லைட்டுக்கு மேல் கண்ணாடி மூடி இருந்தால் முதல் வரிசை. 1967-ல் மூடியை எடுத்துவிட்டார்கள். 1968-ல் வந்த இரண்டாம் வரிசையில் முன் வாய் பெரிதாகி, பின் விளக்குகள் பம்பருக்குக் கீழே இறங்கின. 1971-ல் மூன்றாம் வரிசை: 5.3 லிட்டர், பன்னிரண்டு சிலிண்டர் இன்ஜின், வாயில் குரோம் கிரில், அகன்ற சக்கர வளைவுகள். தொடக்கத்தில் வந்த சில நூறு கார்களில் பானட்டைப் பூட்டும் கொண்டி வெளியே இருந்தது. சாவி போட்டுத் திறக்க வேண்டும். பிறகு அது காருக்குள் போய்விட்டது. மாடலில் அந்தச் சின்ன வட்டப் பூட்டு இருக்கிறதா என்று தேடிப் பார்ப்பதில் சேகரிப்பவர்களுக்கு அலாதி சுகம். முன் கண்ணாடியில் மூன்று வைப்பர்கள் இருக்கின்றனவா என்பதையும் எண்ணிவிடுங்கள்.

அப்புறம் நிற்கும் தோரணை. நிஜ இ-டைப்பின் சக்கரங்கள் உடலுக்குள் கொஞ்சம் ஒடுங்கியே இருக்கும். இன்றைய கண்ணுக்கு அது ஒல்லிக்காலாகத் தோன்றலாம். சில மாடல்களில் 'அழகாக' இருக்கட்டும் என்று சக்கரங்களை வெளியே தள்ளி, டயரை அகலமாக்கிவிடுவார்கள். பார்க்க மிடுக்காகத்தான் இருக்கும், ஆனால் அது இ-டைப் இல்லை. இதற்கு நேர்மாறாக, சின்ன அளவுக் கார்களில் சக்கரம் சுழல இடம் வேண்டுமென்று உடலையே உயர்த்திவிடுவதும் உண்டு. 1968-ல் ஹாட் வீல்ஸ் வந்து, வேகமாக ஓடுகிற கார்தான் வேண்டும் என்று பிள்ளைகள் கேட்க ஆரம்பித்த பிறகு, மேட்ச்பாக்ஸும் மறு வருடமே தன் சக்கரங்களை மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று. அதிலிருந்து அந்த அளவில் ஓட்டத்துக்குத்தான் முதலிடம். தோரணை அதற்கு அப்புறம்தான். பொம்மைக்கு அதுவே நியாயம்.

மாடலைப் பார்ப்பதற்கும் ஒரு தூரக் கணக்கு இருக்கிறது. 1:18 காரை அரை மீட்டர் தள்ளி வைத்துப் பார்ப்பது, நிஜக் காரை 9 மீட்டர் தள்ளி நின்று பார்ப்பதற்குச் சமம். அந்தத் தூரத்தில் நிஜக் காரின் கதவு இடுக்கு நமக்கு எவ்வளவு தெரியும்? ஒரு நிழல் கோடாகத்தான். அதனால் நுணுக்கங்களை ஒன்றுவிடாமல் செதுக்கிய மாடல், அளவோடு செய்த மாடலைவிடப் பொய்யாகத் தோன்றுவதுண்டு. போட்டோ எடுக்கும்போதும் இதே சங்கதிதான். போனை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் முன்பக்கம் ஊதிப் பொம்மை மாதிரி விழும். கொஞ்சம் பின்னால் தள்ளி, ஜூம் செய்து, கேமராவைக் காரின் ஜன்னல் உயரத்துக்கு இறக்கி எடுத்தால் நிஜக் காருக்கு நெருங்கி வரும்.

வாங்கிய பிறகு

பழைய மாடல்களை வாங்குபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய நோய் ஒன்று உண்டு. துத்தநாகக் கலவையில் ஈயம் மிகச் சிறிய அளவு கலந்துவிட்டால்கூட, உலோகத்தின் நுண்ணிய படிகங்களுக்கு நடுவே மெல்ல அரிப்பு ஓடும். உடல் வீங்கும், விரிசல் விடும், கடைசியில் விரல் பட்டாலே உதிரும். இரண்டாம் உலகப் போருக்கு முன் வந்த டிங்கி கார்கள் பலவற்றின் கதி இதுதான். வார்க்கும்போதே உள்ளே புகுந்துவிட்ட கோளாறு என்பதால் மருந்து கிடையாது. ஈரமும் சூடும் அதைத் துரிதப்படுத்தும் என்பது மட்டும் நிச்சயம். பிற்காலத்தில் சுத்தமான துத்தநாகத்தைப் பயன்படுத்த ஆரம்பித்ததால் இது பெருமளவு ஒழிந்தது. ஆனாலும் பழைய காரை வாங்கும்போது கவிழ்த்து, அடித்தட்டையும் உட்புறத்தையும் டார்ச் அடித்துப் பாருங்கள். முடி போன்ற விரிசல் வலைப்பின்னலாகத் தெரிந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

புது மாடலுக்கு எதிரிகள் வேறு. வெயில் நிறத்தை வெளுக்க வைக்கும். ஜன்னலுக்கு எதிரே அலமாரி வேண்டாம். பெட்டிக்குள் வருகிற பஞ்சை நம்பி வருடக்கணக்கில் மூடி வைத்தால், ஈரக் காற்றடிக்கும் கடலோர ஊர்களில் அது பெயின்டில் ஒட்டித் தடம் பதித்துவிடும். பிளாஸ்டிக் தளத்தின் மேல் நிறுத்திய காரின் டயர்கள் நாளாக நாளாக மெழுகு மாதிரி கசிந்து, தளத்தையே குழியாக்கிவிடுவதும் உண்டு. டயருக்கு அடியில் சின்னதாக ஒரு துண்டு பாலியெஸ்டர் தாளை வெட்டி வைத்தால் போதும்.

தூசி தட்ட மேக்கப் பிரஷ் நல்லது. துணியை எடுத்து அழுத்தித் துடைத்தால் இ-டைப்பில் முதலில் கழன்று விழுவது அந்த மூன்று வைப்பர்களில் ஒன்றாகத்தான் இருக்கும்.